இருபத்தொரு நாள் பயிற்சி

எங்கள் நமன்கான் நூற்பு மில்லில், கோன் பிரிவின் தலைவி இனோபத்துக்குக் கோபம் சீக்கிரம் வரும், லேசில் போகாது. இருபது வயதில் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். நாள் முழுக்க மாமியாரோடு ஒரே கூரைக்குள் இருந்தால் இரண்டில் ஒன்று நடந்துவிடும் என்று மூன்றாவது மாதமே புரிந்துகொண்டு, நேராக மில்லுக்குப் போய் வேலை கேட்டாள். அன்றிலிருந்து இருபத்தாறு வருடம் அதே பிரிவு. கதிர்களில் வருகிற நூலைப் பெரிய கூம்புகளில் சுற்றித் தருவதுதான் அங்கே வேலை. நூல் அறுந்தால் மற்றவர்கள் கண்ணால் தேடுவார்கள். இவளுக்கு எந்திரத்தின் சத்தம் மாறும்போதே கை அங்கே போயிருக்கும்.

அவளுக்குக் கீழே பதினோரு பெண்கள். தாமதமாக வருகிறவளைக் கிழி கிழியென்று கிழிப்பாள். அதே பெண்ணின் பிள்ளைக்கு ஜுரமென்றால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் வேலையையும் சேர்த்துத் தானே இழுத்துப் போட்டுச் செய்வாள். திட்டு வாங்காத பெண் அந்தப் பிரிவில் கிடையாது. வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டவளும் கிடையாது.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் புது எந்திரம் வந்தது. ஜெர்மன் சரக்கு. ஒரே வரிசையில் அறுபது தலைகள். ஒவ்வொரு தலையிலும் நூலைப் பார்க்கிற ஒரு கண். நூலில் தடிப்போ மெலிவோ வந்தால் அந்தக் கண் பிடித்துவிடும், எந்திரம் அந்த இடத்தை வெட்டியெறிந்து தானே ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் பச்சை விளக்கு, கதிர் மாற்ற வேண்டுமென்றால் மஞ்சள், ஏதோ கோளாறென்றால் சிவப்பு. கூடவே உதோ என்கிற ஜெர்மன்காரர் வந்தார். எந்திரத்தைப் பூட்டித் தருவது, பிறகு இருபத்தொரு நாள் பெண்களுக்குப் பழக்கித் தருவது, இதுதான் அவருடைய வேலை என்று ஒப்பந்தம்.

பூட்டினார். மின்சாரம் கொடுத்தாயிற்று, காற்றுக் குழாய் இணைத்தாயிற்று. ஆனால் பொத்தானை அழுத்தக் கூடாது என்று டைரக்டர் மஹ்கம் தடுத்துவிட்டார். முதல் பொத்தானை மாகாண ஆளுநர்தான் அழுத்த வேண்டுமாம். ஆளுநருக்கோ பருத்தி அறுவடை நேரம், வயல் வயலாகச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் லட்சணம் இது. புதுப் பாலம் கட்டி முடித்திருப்பார்கள். பெரிய மனிதர் வந்து நாடாவை வெட்டாதவரை ஒருவனும் அதில் கால் வைக்க மாட்டான், பக்கத்திலேயே ஆற்றில் இறங்கி முழங்கால் நனைய நடப்பான். கேட்டால் மரியாதை என்பான். வந்த எந்திரத்துக்கும் அதே மரியாதை கிடைத்தது. பிரித்த பாலிதீனை மறுபடியும் போர்த்தி, சிவப்பு நாடாவைக் கட்டி நிறுத்திவிட்டார்கள்.

உதோ முதல் நான்கு நாள் கத்திப் பார்த்தார். பிறகு விருந்தாளியாகிவிட்டார். காலையில் ரொட்டியும் பாலாடையும், மதியம் புலாவ், சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கபாப். பூ வேலை செய்த நீண்ட அங்கியும் குல்லாவும் போட்டுப் படம் பிடித்தார்கள். வந்தபோது போட்டிருந்த பெல்ட்டைப் போகும்போது இரண்டு துளை தள்ளிப் போட வேண்டியிருந்தது. ஒரு நாள் மனம் கேட்காமல் கோன் பிரிவுக்கு வந்து, காகிதத்தில் ஒரு தலையின் படத்தைப் போட்டு விளக்கப் பார்த்தார். மொழிபெயர்க்கிற ஆள் பாதியில் டைரக்டர் கூப்பிட்டாரென்று போய்விட்டான். போவதற்கு முன் அவன் மொழிபெயர்த்த கடைசி வாக்கியம் இனோபத்தின் காதில் தங்கிவிட்டது. உதோவின் ஊரில் நாடா வெட்டும் நாளன்று எந்திரம் ஏற்கெனவே ஆறு வாரம் ஓடியிருக்குமாம்.

இருபத்தொன்றாம் நாள் மஹ்கம் ஒரு பதிவேட்டை எடுத்துக்கொண்டு பிரிவுக்கே வந்தார். பயிற்சிப் பதிவேடு. இருபத்தொரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் பன்னிரண்டு பெயர், ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட இடம். இனோபத் புரட்டிப் பார்த்துவிட்டு, எந்திரத்தின் மேலிருக்கும் பாலிதீனைக்கூட நாங்கள் தொடவில்லையே என்றாள். மஹ்கம் நயமாகப் பேசத் தெரிந்தவர். குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை.

"தங்கச்சி, இது சும்மா காகிதம். ஆளுநர் வந்துட்டுப் போனதும் உதோவை மறுபடி கூப்பிடப் போறோம். அந்த மனுஷன் மூணு வாரம் இங்க இருந்தாரா இல்லையா? கையெழுத்து இல்லேன்னா வெறுங்கையோட போய் அவர் முதலாளிகிட்ட என்ன சொல்வாரு? விருந்தாளியை அப்படியா அனுப்புறது?"

விருந்தாளி என்றதும் இனோபத் பேனாவை எடுத்துவிட்டாள். எங்களை மடக்க அந்த ஒரு வார்த்தை போதும். அவள் தயங்கியது பத்து விநாடி இருக்கும். அவள் போட்டதும் மற்ற பதினோரு பேரும் ஒரு வார்த்தை கேட்காமல் வரிசையாகப் போட்டார்கள். அக்கா போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று ஸெபினிஸோ சொன்னது பிரிவு முழுக்கக் கேட்டது. ஸெபினிஸோ புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகள், மார்புச் சளி வேறு. பிற்பாடு எத்தனையோ தடவை இனோபத்துக்கு அந்த வார்த்தை ஞாபகம் வந்து தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.

ஆளுநர் மார்ச்சில் வந்தார், நவ்ருஸ் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்பு. வாசலில் ஆடு வெட்டினார்கள். நாடாவை வெட்டினார், பொத்தானை அழுத்தினார், அறுபது விளக்கும் பச்சையாக எரிந்தன. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. புது எந்திரத்துக்குக் கண்பட்டுவிடும் என்று மஹ்கம் ஏற்பாடு செய்திருந்த கிழவி ஒருத்தி, தட்டில் நெருப்பைப் போட்டு அதில் இசிரிக் செடியைத் தூவி, குபுகுபுவென்று புகையோடு எந்திரத்தை மூன்று சுற்று வந்தாள். கல்யாணப் பெண்ணுக்கும் புதுக் காருக்கும் செய்கிறதுதான். ஆனால் காருக்கு நூலைப் பார்க்கிற கண் கிடையாது. இரண்டாவது சுற்று முடிவதற்குள் ஒவ்வொன்றாகச் சிவப்பு எரியத் தொடங்கி, மூன்றாவது சுற்றில் வரிசை முழுக்கச் சிவப்பு. ஆளுநர், பார்க்க அழகாக இருக்கிறது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு உதோ வரவில்லை. கூப்பிட்டால்தானே வருவதற்கு. பயிற்சி முடிந்துவிட்டது என்று பதிவேடு சொல்கிறபோது எந்தக் கம்பெனி மறுபடி ஆளனுப்பும்? பெண்கள் சிவப்பைக் கண்டால் கதிரைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஊதிப் பார்த்தார்கள். ஒருத்தி ஈரத் துணியால் துடைத்துவைக்க, எட்டுத் தலைகள் ஒரு வாரம் படுத்துவிட்டன. எந்திரத்தை நிறுத்தி யோசிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. நிறுத்தினால் ஏன் நின்றது என்று மேலேயிருந்து ஆள் வந்துவிடும். இனோபத் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு அந்தத் திரையோடு மல்லுக்கட்டினாள். ரஷ்ய எழுத்தில் பாதி, ஜெர்மனில் பாதி. உலர்ந்த தூரிகையால் கண்ணைத் துடைக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். எந்த எண் வந்தால் என்ன கோளாறு என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள். முப்பது எண்களுக்கு மேல் மனப்பாடம். ஒரு வருடத்தில் கால்வாசி ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தைப் பாதிக்கு மேல் ஓட வைத்தாள். அதை யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

மறு வருடம் மே மாதம் தாஷ்கந்திலிருந்து லோபார் வந்தாள். ஆய்வுக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரே மாதிரி எந்திரத்தை வெவ்வேறு நாட்டு மில்கள் எப்படி எடுத்துப் பழகிக்கொள்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. துருக்கியில் தெனிஸ்லியில் ஒரு மில், கொரியாவில் தேகுவில் ஒரு மில், இங்கே எங்கள் மில். மூன்று இடத்திலும் ஒரே கேள்விகள். கேள்விகளில் குற்றம் சொல்ல முடியாது, நல்ல கேள்விகள்தான். கேட்ட இடத்தில்தான் தப்பு. தாஷ்கந்து விருந்தாளியைத் தூசி பறக்கிற பிரிவுக்குள் நடக்கவிடுவோமா? டைரக்டர் அறையில், கதவுக்கு எதிரே இருக்கிற மரியாதையான இடத்தில் உட்காரவைத்து, முன்னால் உலர்ந்த சர்க்கரைப் பாதாமியும் வால்நட்டும் பரப்பி, பெண்களை ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டார்கள். மஹ்கம் தன் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முன்கூட்டி எத்தனை நாள் பயிற்சி தந்தார்கள் என்று லோபார் கேட்டாள். இனோபத் மஹ்கமைப் பார்த்தாள். அவர் தேநீர்க் கெண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தொரு நாள் என்றாள். மற்ற பதினோரு பேரும் அதையேதான் சொன்னார்கள்.

மூன்று வாரம் கழித்து ஆய்வறிக்கையின் முதல் வரைவு டைரக்டருக்கு வந்தது. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்து, அதிலிருந்து ஒரு பத்தியை அவரே படித்தார். துருக்கி மில்லில் பதினான்கு நாள் பயிற்சி, பதினோரு வாரத்தில் எந்திரம் முழு வேகம். கொரிய மில்லில் பத்து நாள் பயிற்சி, ஆறு வாரத்தில் முழு வேகம். நமன்கான் மில்லில் இருபத்தொரு நாள் பயிற்சி, பதினான்கு மாதம் கழித்தும் பாதிக்குச் சற்று மேல். மற்ற இரண்டு மில்களையும்விடக் கூடுதலாகப் பயிற்சி கொடுத்தும் பலனில்லாததால், நடுத்தர வயதுப் பெண் தொழிலாளர்கள் புதிய தொழில்நுட்பத்தை ஏற்கத் தயங்குவதே முக்கியக் காரணமாகக் கருதலாம் என்று அந்தப் பத்தி முடிந்தது. படித்துவிட்டு, அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து கோன் பிரிவின் பன்னிரண்டு பேரும் கழிவுப் பஞ்சுக் கொட்டகைக்குப் போக வேண்டும் என்றும், அவர்கள் இடத்துக்குத் தொழிற்கல்லூரிப் பெண்கள் வருவார்கள் என்றும் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்.

கழிவுப் பஞ்சுக் கொட்டகையில் எதிரில் நிற்கிறவர் முகம் தெரியாது, அவ்வளவு தூசி. அங்கே போனவர்கள் மூன்று வருடம் தாங்கினால் அதிகம். ஸெபினிஸோவுக்கு மூன்று மாதமே தாங்காது. அவள் அறிவிப்பை இரண்டு தடவை படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இனோபத்துக்கு உடம்பு முழுக்கப் பற்றியெரிந்தது. கொட்டகைகூட இரண்டாவதுதான். இருபத்தொன்று என்ற அந்த எண் இருக்கிறதே, அதை அவள் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். கற்றுக்கொடுக்கவே இல்லை என்றிருந்தால், தானாகவே கற்று இவ்வளவு ஓட்டினார்களே என்று மூன்று நாடும் வாயைப் பிளந்திருக்கும். மற்றவர்களைவிட அதிகம் கற்றுக்கொடுத்தார்கள் என்று எழுதிக் கொடுத்ததால் பன்னிரண்டு பேரும் மண்டூகங்களாகிவிட்டார்கள். பொய் சொன்னது டைரக்டர், முட்டாள் பட்டம் இவர்களுக்கு. நேராக அவர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

மஹ்கம் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை.

"நானா சொன்னேன், இனோபத்? மூணு நாட்டைச் சுத்திப் பாத்த படிச்சவங்க சொல்றாங்க. அதை மறுத்துப் பேச நான் யாரு?"

"இருபத்தோரு நாளும் அந்த எந்திரம் பாலிதீனுக்குள்ளதான் இருந்துச்சுன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"பதிவேட்டுல அப்படி இல்லையே."

"பதிவேட்டை நீட்டுனது யாரு?"

"கையெழுத்துப் போட்டது யாரு? எல்லாப் பக்கத்துலயும் முதல் கையெழுத்து உங்களுது. நீங்களே போய் அது பொய்க் கையெழுத்துன்னு சொல்லுங்க, நான் தடுக்கல. பொய்யா ஆவணம் எழுதுனவங்களை என்ன செய்யணும்னு சட்டத்துல இருக்கு. நான் எதுக்கு அதை வேற என் வாயால சொல்லணும்."

நியாயம் பேசுகிற மாதிரியே பேசினார். இனோபத்துக்கு அவர் மேஜையில் இருந்த கெண்டியை எடுத்து அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. கைகள் இரண்டையும் மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டில் புருஷனிடம் சொன்னபோது, வாயை மூடிக்கொண்டிரு, ஓய்வூதியத்துக்கு எட்டு வருடம்தான் இருக்கிறது என்றான். எட்டு வருடமும் தூசி தின்பது நானா நீயா என்று கேட்டாள்.

இறுதி அறிக்கைக்கு முன் லோபார் ஒரு தடவை நேரில் வந்து மில்லின் பெரிய கூடத்தில் எல்லோருக்கும் தன் முடிவுகளை விளக்கினாள். அது அவர்கள் வழக்கமாம். முதல் வரிசையில் மஹ்கமும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேரும். திரையில் மூன்று பத்தி, மூன்று நாடு. துருக்கி மில்லில் பொத்தான்கள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன என்று இரண்டாவது வாரமே பெண்கள் சண்டை போட்டார்களாம், மில்காரர்கள் கீழே ஒரு படி அடித்துக் கொடுத்தார்களாம். கொரிய மில்லில் சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் எந்திரத்தை நிறுத்தலாமாம். முதல் மாதம் முந்நூறு தடவை நிறுத்தினார்கள், ஒருத்தருக்கும் திட்டு விழவில்லையாம். நம் மில்லில் முதல் மாதம் யாரும் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை என்றாள். அதையும் ஆர்வக்குறைவு என்ற தலைப்பில் போட்டிருந்தாள்.

கேள்விகள் உண்டா என்று லோபார் கேட்டதும் இனோபத் எழுந்துவிட்டாள். கூடத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த இருபத்தொண்ணு பொய், தங்கச்சி. எங்களுக்கு ஒரு நாள்கூட யாரும் கத்துக்குடுக்கல. ஆளுநர் வந்து பொத்தானை அழுத்துற வரைக்கும் எந்திரத்தை ஓட்டவே விடல. வந்த மனுஷன் இருபத்தோரு நாளும் புலாவ் சாப்பிட்டுட்டுப் போனார். பதிவேட்டுல நாங்க போட்டது பொய்க் கையெழுத்து. முதல்ல போட்டது நான்."

மஹ்கம் திரும்பவே இல்லை, முன்னால் பார்த்தபடியே, மற்றவர்களையும் கேட்டுவிடுவது நல்லது என்றார். லோபார் சங்கடத்தோடு அவர்களைப் பார்த்தாள். பதினோரு பேரும் மூன்றாவது வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒருத்தி, ஆமாம் பயிற்சி நடந்தது என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். ஸெபினிஸோவின் முறை வந்தது. இனோபத் அவளை நேராகப் பார்த்தாள்.

"கத்துக்குடுத்தாங்க," என்றாள் ஸெபினிஸோ. "நாங்கதான் சரியா கத்துக்கல."

யாருக்காக எழுந்து நின்றாளோ அவர்கள் வாயிலிருந்தே வந்த அந்த வார்த்தையைக் கேட்டபோது, இனோபத்துக்கு மஹ்கம் மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. பயந்தவள் பேசாமல் இருக்கலாம். நாங்கள் முட்டாள்கள்தான் என்று தானே ஒப்புக்கொள்ள எங்கிருந்து கற்றார்கள்? அதையும் தன்னிடமிருந்துதான் கற்றார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

"இவங்க சொல்றதை விடுங்க," என்றாள் லோபாரிடம். "மனுஷங்களைக் கேட்டது போதும். எங்கூட வாங்க. உங்க செருப்பு அழுக்காகும், பரவாயில்லையா?"

மஹ்கம் முதல் தடவையாக எழுந்தார். விருந்தாளிக்குச் சாப்பாடு தயாராக இருக்கிறது என்றார். லோபார் ஒரு கணம் நின்றாள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு இனோபத்தின் பின்னால் நடந்தாள். தலைமை அலுவலகத்துக்காரர்களும் எழுந்ததால் மஹ்கமும் வரவேண்டியதாயிற்று.

எந்திரத்தின் தலைமாட்டில் இருந்த திரையை இனோபத் தட்டினாள். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம், அதிலிருந்து உள்ளே இன்னொன்று, தன் வீட்டு அலமாரியைத் திறக்கிறவள்போல் போனாள். ஏழாவது பக்கத்தில் நின்றாள். எந்திரம் பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியது, என்றைக்கு ஓடியது என்று அதுவே எழுதி வைத்துக்கொள்ளும் பக்கம் அது. முதல் ஓட்டம் போன வருடம் மார்ச் பதினாலு என்று இருந்தது. பயிற்சிப் பதிவேட்டின் இருபத்தொரு பக்கமும் அதற்கு முந்தைய நவம்பர். நவம்பரில் எந்திரம் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை.

லோபார் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் இருப்பதே யாருக்கும் தெரியாதே, உங்களுக்கு யார் காட்டிக்கொடுத்தது என்று தலைமை அலுவலகத்துக்காரர் ஒருவர் கேட்டார். யாரும் காட்டவில்லை, நடுத்தர வயதில் தயங்கித் தயங்கி நானே கண்டுபிடித்தேன் என்றாள் இனோபத். அந்த மனிதர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மஹ்கமைப் பார்த்தார்.

மஹ்கம் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்ப பதிவேடு பொய்," என்றார் மெதுவாக. "எல்லாரும் கேட்டீங்க இல்லையா, பிரிவுத் தலைவி தானே பொய்யாக் கையெழுத்துப் போட்டதா அத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கிட்டாங்க. என்னை ஏமாத்தியிருக்காங்க."

நான்காம் நாள் இனோபத்தை வேலையை விட்டு நீக்கிய உத்தரவு வந்தது. பொய் ஆவணம் தயாரித்த குற்றம். தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டதற்கு, குற்றவாளியை நீக்கிவிட்டோம் என்று பதில் போயிற்று. பதினோரு பேரைக் கொட்டகைக்கு அனுப்பினால் அந்தக் கேள்வி மறுபடி கிளம்பும் என்று மஹ்கம் அறிவிப்பைத் தானே கிழித்துப் போட்டார். ஆக, பெண்கள் தப்பித்தார்கள். கேட்டை விட்டு இனோபத் வெளியே போனபோது யாரும் கூட வரவில்லை. ஸெபினிஸோ மட்டும் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள், கையைக்கூட அசைக்கவில்லை. அவளை மன்னித்துவிட்டேன் என்று இனோபத் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகஸ்டில் லோபார் வீடு தேடி வந்தாள். அச்சான அறிக்கையும் ஒரு பெட்டி இனிப்பும் கையில். மாமியார் போய் ஆறு வருடமாகிறது, வீட்டில் சண்டை போடக்கூட ஆளில்லாமல் இனோபத் பகலெல்லாம் மாவு பிசைந்து, பக்கத்துக் கடைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். துணி விரித்து ரொட்டியைப் பிட்டு வைத்தாள், பச்சைத் தேநீர் ஊற்றினாள். எங்கள் வழக்கப்படி கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்ப ஊற்றிக்கொடுத்தால்தான் நீ இரு, அவசரப்படாதே என்று அர்த்தம்.

அறிக்கை நல்ல தாளில் இருந்தது. இனோபத் முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். அட்டவணையில் இரண்டு பத்திதான் இருந்தன. துருக்கி, கொரியா. மறுபடி முன்னாலிருந்து புரட்டினாள். முப்பத்தெட்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி கிடைத்தது. பதிவேடுகள் நம்பத்தக்கவையாக இல்லாததால் மூன்றாவது மில் ஒப்பீட்டிலிருந்து நீக்கப்பட்டது. எந்த ஊர், எந்த நாடு என்றுகூட இல்லை.

தப்பான முடிவு ஒன்று அச்சுக்குப் போகாமல் தடுத்தது நீங்கள்தான், நன்றி சொல்லத்தான் வந்தேன் என்றாள் லோபார். மனதாரத்தான் சொன்னாள். அதுதான் இனோபத்துக்கு இன்னும் தாங்கவில்லை.

"துருக்கியில பொம்பளைங்களை எங்க உக்காரவச்சுக் கேள்வி கேட்டீங்க?"

"அங்க கேன்டீன்ல, அக்கா. கொரியாவுலயும் அப்படித்தான்."

"எங்களை மட்டும் ஏன் டைரக்டர் முன்னாடி வச்சுக் கேட்டீங்க?"

லோபார், விருந்தோம்பலை மறுக்க முடியவில்லை என்று முணுமுணுத்தாள்.

"நான் ஒரு தடவை விருந்தாளிக்காக எழுதுனேன். நீங்க ஒரு தடவை விருந்தாளியா இருந்து எழுதுனீங்க. நான் எழுதுனது பொய்னு என் வேலை போச்சு. நீங்க எழுதுனது பொய்னு ஆனதும் எங்களை அழிச்சுட்டு மிச்சத்தை அச்சடிச்சுட்டீங்க. பாலிதீனைப் போத்தி வச்சாங்களே, அதை எழுதியிருக்கலாம். அந்தப் புகையை எழுதியிருக்கலாம். முப்பது எண்ணை ஒருத்தி சோறு தண்ணியில்லாம கத்துக்கிட்டான்னு எழுதியிருக்கலாம். இதைவிட ஒப்பிட்டுப் பாக்க வேற என்ன வேணும் உங்களுக்கு?"

"அதெல்லாம் அட்டவணைக்குள்ள வராது, அக்கா," என்றாள் லோபார். கண் கலங்கியிருந்தது.

இனோபத் அறிக்கையை மூடி இனிப்புப் பெட்டியின் மேல் வைத்து, இரண்டையும் லோபார் பக்கம் தள்ளினாள். கெண்டியை எடுத்தாள். லோபாரின் கிண்ணத்தில் ஊற்றினாள், பாதியைத் தாண்டி ஊற்றினாள், நிறுத்தாமல் ஊற்றினாள். தேநீர் விளிம்பு வரை வந்து ததும்பி நின்றது. போதும், எழுந்து போ என்பதை எங்கள் ஊரில் வாயால் சொல்வதில்லை. லோபார் தாஷ்கந்துக்காரியானாலும் இந்த மண்ணில் பிறந்தவள். கிண்ணத்தைத் தொடாமல் எழுந்தாள்.